காலை நீட்டி உட்கார ஒரு வண்டி

ஜூலை 3, திங்கள்

மதுரை டாக்டர் போனில் பேசினார். என் மனைவி வடிவின் தொடையில் வைத்த கம்பியில் சீழ் பிடித்திருக்கிறதாம். ஏழு வாரம் மருந்து கொடுத்து அடக்கிவிட்டு, ஆகஸ்ட் 22-ஆம் தேதி கம்பியை எடுத்துவிட வேண்டும், முந்தைய நாளே வந்து சேருங்கள் என்றார். தள்ளிப்போட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம்.

வடிவிடம் சொன்னேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் வரல" என்றாள்.

"ஆம்புலன்ஸ் சொல்லுதேன்."

"அதுல ஏற மாட்டேன்."

"அப்போ டாக்சி?"

"காலை மடக்க முடியாதுல்லா."

இந்தக் கடைசி பதிலைத்தான் பிடித்துக்கொண்டேன். மடக்க முடியாவிட்டால் நீட்டிக்கொள்ளலாம். முப்பத்துநான்கு வருடம் சர்வேயராக இருந்தவன் நான். டேப்பை எடுத்து அளந்தேன். இடுப்பிலிருந்து குதிகால் வரை தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். முதுகைக் கதவில் சாய்த்து உட்கார இன்னும் முப்பது. சின்ன வண்டிகளின் பின்சீட்டில் இது அடங்காது. பெரிய செடான் ஒன்றில்தான் அடங்கும்.

எல்மோரா என்று ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. அரசாங்க அதிகாரிகளும் மில் முதலாளிகளும் வைத்திருந்தார்கள். இப்போது தயாரிப்பு இல்லை, பழையதுதான் கிடைக்கும். வாங்குவதற்கு முன் வைத்திருப்பவர்களை நேரில் போய்க் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். விளம்பரத்தை நம்பக் கூடாது.

வேலையில் இருந்தபோது தினமும் டைரி எழுதி ஒப்படைக்க வேண்டும். விட்டுப்போன பழக்கத்தை இன்று மறுபடி தொடங்குகிறேன். ஆகவே இதையும் முறையாகக் குறித்துவிடுகிறேன்: ஜனவரி 29, ஞாயிறு, பிற்பகல். ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தென்காசி திரும்பும்போது, வாசுதேவநல்லூர் தாண்டி, முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் அடித்தது. வண்டியை நான் ஓட்டினேன். பக்கத்தில் வடிவு. பின்னால் எங்களோடு இருந்த அவள் தங்கை உலகம்மை, பள்ளிக்கூட டீச்சர். உலகம்மையை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள்.

வெண்டைக்காய்ப் பொரியல் அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 7, வெள்ளி

குற்றாலத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் செண்பகராமன் அண்ணாச்சியைப் பார்த்தேன். வெள்ளை எல்மோரா, பதினோரு வருடமாக ஓடுகிறது. மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும் வெளியே எடுப்பார்.

"வண்டியப் பத்தி உண்மையச் சொல்லணும்னா, பொண்டாட்டி மாதிரி கவனிக்கணும்" என்று ஆரம்பித்தார். "தரையோட தரையா கெடக்கும். வேகத்தடை ஒவ்வொண்ணுலயும் அடிவயிறு உரசும். பார்ட்ஸு கோயம்புத்தூர்ல இருந்து வரணும், பதினஞ்சு நாளு. பெட்ரோலு குடிக்கும். ஆனா ஏறி உக்காந்துட்டீருன்னு வையும், வெளிய ரோடு இருக்குன்னே தெரியாது."

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பின்சீட்டை அளந்தேன்: நூற்று நாற்பத்தொன்று. தாராளம்.

கிளம்பும்போது சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. உள்ள அவ்வளவு அமைதி. ஏசி வேற. மத்தியானம் சாப்புட்டுட்டு எடுத்தம்னா ஓட்டுறவனுக்குக் கண்ணைக் கட்டிரும். அதுல மட்டும் கவனமா இருக்கணும்."

இதை நோட்டில் எழுதவில்லை.

ஜூலை 8, சனி

வடிவுக்குக் குறிப்புகளைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள். "வேற ஒண்ணும் சொல்லலியா?" என்றாள். இல்லை என்றேன்.

புண்ணுக்குக் கட்டு மாற்றினேன். நேற்றைவிடச் சற்றுக் குறைந்திருப்பதுபோல் தெரிகிறது.

ஜூலை 12, புதன்

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. லாரி டிரைவர் மாரிச்செல்வம் மேல் உள்ள வழக்கில் ஆகஸ்ட் 28 அன்று நான் சாட்சி சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டு வாங்கி, அலமாரியில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தேன்.

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து கண்டன்சர் மாற்றிவிட்டுப் போனான்.

ஜூலை 15, சனி

பாளையங்கோட்டை, எஸ்தர் டீச்சர். வயது எழுபது இருக்கும். கணவர் கல்லூரியில் பேராசிரியர். போன வருடம் காலமாகிவிட்டார். வண்டி விற்பனைக்கு இல்லை என்று போனிலேயே சொன்னார்கள். அனுபவத்தை மட்டும் கேட்க வருகிறேன் என்றேன்.

ஷெட்டில் கருநீல வண்டி. உறை போட்டு மூடி, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து நிறுத்தியிருந்தார்கள். டீச்சருக்கு ஓட்டத் தெரியாது. தினமும் காலையில் உறையை எடுத்துவிட்டு, முன்சீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்து பைபிள் வாசிப்பார்களாம்.

"டிரைவர் சீட்லயா டீச்சர்?"

"இல்ல, என் சீட்ல. அது அவுக சீட்டுல்லா."

இதையெல்லாம் எழுதிக்கொள்வதா என்று தெரியாமல் பேனாவோடு நின்றேன். ஸ்டீயரிங் லேசாக இருக்கும், மலைப்பாதையில் ஏசி போட்டால் இழுவை குறையும், பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு தடவை மாற்றினோம் என்று விவரமும் சொன்னார்கள். அவர் சொல்லிச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டதாம்.

காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டார்கள்: "முன்ன என்ன வண்டி வெச்சிருந்தீங்க?"

"சின்ன வண்டி டீச்சர். ஆக்சிடென்ட்ல போயிட்டு. ஒரு லாரிக்காரன், அடையாளம் ஒண்ணும் வைக்காம நடுரோட்டுல நிப்பாட்டியிருந்தான்."

"ஐயோ. வீட்ல அவுகளுக்குக் கால்ல அடின்னீங்களே, அதுலயா? கூட வேற யாரும் இருந்தாங்களா?"

"இல்ல" என்றேன்.

பஸ் நிலையம் வரை நடந்தே வந்தேன். வெயில் கடுமை. இல்லை என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. முன்பின் தெரியாத இடத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதுதான் காரணம்.

ஜூலை 16, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வடிவு உலகம்மையின் அறையில்தான் படுக்கிறாள். பாத்ரூம் பக்கம் என்பதால். இன்று அந்த அறையைக் கூட்டும்போது, மேசையில் திருத்தாமல் கிடந்த பரீட்சைத்தாள் கட்டைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அது போன வருசப் பிள்ளைங்க. இனி யாருக்கு வேணும்?" என்றாள்.

ஜூலை 22, சனி

காலையில் கேட்டருகே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தான். பார்த்ததும் தெரிந்தது. மாரிச்செல்வம்.

"சார், ஒரே ஒரு வார்த்தை."

"எதுவா இருந்தாலும் கோர்ட்டுல பேசிக்கிடலாம்."

"லைசென்ஸ வாங்கி வெச்சுக்கிட்டாங்க சார். ஆறு மாசமா லோடு ஏத்தத்தான் போறேன். நீங்க ஒரு தடவை நல்லா நெனைச்சுப் பாத்து..."

கேட்டைச் சாத்தினேன். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

"யாரு?" என்று வடிவு உள்ளிருந்து கேட்டாள்.

"கேபிள்காரன்."

டிவி சத்தம் குறைந்தது. பிறகு, "கேபிள்காரன் நேத்தே வந்துட்டுப் போயிட்டானே" என்றாள்.

ஜூலை 29, சனி

ஆறு மாதம் ஆகிறது. வடிவு சாப்பிடவில்லை. நானும்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

ராஜபாளையத்தில் ஒரு எல்மோரா விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பஸ்ஸில் புளியங்குடி தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு, சிவகிரி வந்ததும் திறந்தேன்.

வண்டிக்காரர் பெயர் கோதண்டராஜா. நூல் வியாபாரம் செய்தவர், இப்போது ஓய்வு. வெள்ளி நிறம், ஒரே கையில் இருந்த வண்டி. பின்சீட் மெத்தை புத்தம்புதிதாக இருந்தது. டயர் நான்கும் புதிது. இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. எனக்கு மனதுக்குள் முடிவாகிவிட்டது.

"இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்க, இன்னும் விக்கலியே?" என்றேன்.

"உட்காருங்க சார்" என்றார். "வாங்க வர்ற எல்லார்கிட்டயும் சொல்றதுதான். கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுறாங்க. அஞ்சு பேரு போயாச்சு. இந்த வண்டி ஒரு ஆளை அடிச்சிருக்கு. நாலு வருசம் முன்ன, சாயங்காலம் நாலு மணி. சீனிச்சாமின்னு ஒரு மில்லு வாட்ச்மேன், சைக்கிள்ல ஓரமா போயிட்டிருந்தாரு. நான் போன்ல நம்பர் தேடிக்கிட்டு இருந்தேன். நாலாம் நாள் இறந்துட்டாரு."

நான் நோட்டை மூடினேன்.

"முன்பக்கம் பூரா புதுசா மாத்துனது. வண்டிக்கு இப்ப ஒரு குறையும் இல்ல. ஆனா சொல்லாம விக்க மனசு வரல."

"கேஸு?"

"அவரு குறுக்க வந்தாருன்னு சொல்லுங்கன்னாரு வக்கீல். பாத்தவங்க யாரும் இல்ல. நான்தான் தப்புன்னு எழுதிக் குடுத்தேன். ஆறு மாசம் உள்ள இருந்துட்டு வந்தேன்."

காப்பி வந்தது. குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, புதன்

சிலருக்குத் தன்னைப் பெரிய யோக்கியனாகக் காட்டிக்கொள்வதில் ஒரு சுகம். வண்டி வாங்க வந்தவனிடம் இதெல்லாம் எதற்கு?

ஆகஸ்ட் 5, சனி

இரண்டு இடங்களில் போனில் விசாரித்தேன். ஒன்று திருச்சியில், இன்ஜின் வேலை இருக்கிறது. ஒன்று கேரளா பதிவு. பேப்பர் மாற்ற மாதக்கணக்கில் ஆகும். நாள் நெருங்குகிறது.

"ராஜபாளையம் வண்டி என்னாச்சு?" என்றாள் வடிவு.

"நல்லாத்தான் இருக்கு."

"பெறகு ஏன் விக்காம கெடக்கு?"

"பெட்ரோல் வண்டி. யாரு வாங்குவா?"

ஆகஸ்ட் 10, வியாழன்

கோதண்டராஜாவே போன் செய்தார். "அம்மாவுக்கு ஆப்பரேசன் நாள் வருதுன்னீங்களே. உட்கார்ந்து பாக்கட்டும், ஞாயித்துக்கிழமை நானே ஓட்டிக்கிட்டு வர்றேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். போன் பக்கத்தில் வடிவு இருந்தாள். "வரச் சொல்லுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

பத்து மணிக்கு வந்தார். வடிவு வாக்கரை ஊன்றி வாசல் வரை வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் கேட்டைத் தாண்டியது இன்றுதான்.

ராஜா பின்கதவைத் திறந்துவிட்டு, "உட்காருறதுக்கு முன்ன ஒண்ணு தெரிஞ்சிருக்கணும்மா. சார் சொல்லியிருப்பாரு" என்றார்.

வடிவு என்னைப் பார்த்தாள். "சொல்லல" என்றாள்.

அவர் சொன்னார். என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள், அதே குரல். வடிவு வாக்கரைப் பிடித்தபடி கேட்டாள். தெருவில் போன எதிர்வீட்டுக்காரர்கூட ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

"அவுக வீட்டுக்குப் போனீங்களா?" என்றாள்.

"போனேன். அந்தம்மா உள்ள கூப்பிடல, போகவும் சொல்லல. ஒரு மணி நேரம் வாசல்ல நின்னேன். பெறகு கதவைச் சாத்திட்டாங்க."

"மன்னிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சேதான் போனீங்களா?"

"மன்னிப்புக்கு இல்லம்மா. ஊர்ல எல்லாரும் சீனிச்சாமி குடிச்சிட்டு விழுந்துட்டாருன்னு பேசினாங்க. அவரு குடிக்கவே மாட்டாராம். செத்தவரு மேல அந்தப் பேரு நிக்குதுல்ல."

வடிவு மெதுவாக உட்கார்ந்து பின்னால் நகர்ந்தாள். நான் காலைத் தாங்கித் தூக்கி சீட்டில் வைத்தேன். முதுகு கதவில் சாய்ந்தது. குதிகாலுக்கு அப்பால் எட்டு விரல் இடம் மிச்சம். என் கணக்கு சரிதான்.

ராஜா ஓட்டினார். நான் முன்னால் உட்கார்ந்தேன். இலஞ்சி பக்கம் வயல்கள் வந்ததும், "கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றாள் வடிவு. "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க, அந்தக் கடையில ஒரு டீ குடிச்சிட்டு வாரீங்களா?"

அவர் ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.

நான் முன்னால் பார்த்தபடி இருந்தேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் இருந்து பேசினாள்.

"லாரி ஓடல."

என் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன்.

"ஓரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு. டயர் பஞ்சர். பின்னால கெளை ஒடிச்சுப் போட்டு, கல்லும் வெச்சிருந்தாங்க. தூரத்துலயே பாத்தேன் நான். நீங்க ஒதுக்குவீங்க ஒதுக்குவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். திரும்பிப் பாத்தா உங்க கண்ணு மூடியிருக்கு."

"வடிவு..."

"போலீஸ்காரங்க கேட்டப்போ எனக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னேன். நீங்களே சொல்லுவீங்கன்னு நெனைச்சேன். பத்து நாள் பாத்தேன், ஒரு மாசம் பாத்தேன். நீங்க வார ஆளு போற ஆளுகிட்டயெல்லாம் லாரிக்காரன் லாரிக்காரன்னே சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

"எப்படிச் சொல்லுவேன்? உன் தங்கச்சி..."

"எந் தங்கச்சிதான்" என்றாள். "சிவகிரில அவ என்ன சொன்னா? 'அக்கா, அத்தான் கொட்டாவி விட்டுக்கிட்டே வாராக, நிப்பாட்டி டீ குடிச்சிட்டுப் போவோம்'னா. மாடியில வத்தல் காயுது, வீட்ல போயிக் குடிச்சிக்கிடலாம்னு சொன்னது யாரு? நான். நாந்தான் சொன்னேன். இத நான் யாருகிட்டச் சொல்ல? லாரிக்காரன் மேல மொத்தப் பழியையும் போட்டு நீங்க மூடி வெச்சுட்டீங்க. எம் பங்க நான் எங்கன போயி வைக்க?"

ஆறரை மாதம் அவள் என்னை வெறுத்துப் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் வேண்டும், மாத்திரை வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லாத அந்த மாதங்களில், அவள் சொல்வதற்கு இப்படி ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

திரும்பி அவள் கையைப் பிடிக்க நினைத்தேன். இரண்டு சீட்டுக்கும் நடுவே கை எட்டவில்லை. பெரிய வண்டி.

ஆகஸ்ட் 14, திங்கள்

சமைத்தேன். கட்டு மாற்றினேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

உலகம்மையின் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். ஒலிபெருக்கி வீடு வரை கேட்டது.

ஜூலை 3-ஆம் தேதி நான் முறையாகக் குறித்ததாகச் சொன்னது பொய். இப்போது எழுதுவது சரி: கல்யாண வீட்டில் இரண்டாவது முறையும் பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். முந்தைய நாள் சரியாகத் தூங்கவில்லை. ராஜபாளையம் தாண்டும்போதே இமை கனத்தது. ஜன்னலை இறக்கினேன். வெக்கையாக இருக்கிறது என்று வடிவு சொன்னதும் மறுபடி ஏற்றிவிட்டேன். சிவகிரியில் உலகம்மை கேட்டது என் காதில் விழுந்தது. வடிவு வேண்டாம் என்றாள், உண்மைதான். ஆனால் ஸ்டீயரிங் என் கையில்தான் இருந்தது. எனக்கு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சர்வேயர் திரவியத்துக்கு ஓட்ட முடியவில்லை என்று ஒரு சின்னப் பெண் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது.

கண்ணைத் திறந்தபோது கிளை பானட்டின் மேல் இருந்தது. பூவரசு. இலைகள் வாடக்கூட இல்லை. பக்கத்தில் வரிசையாக மூன்று கல். மாரிச்செல்வம் ஓடி வந்து கதவைப் பிடித்து இழுத்தான். உலகம்மையை வெளியே எடுத்தவன் அவன்தான். அவன் சட்டை முழுக்க ரத்தம். போலீஸ் வந்து என்ன நடந்தது என்று கேட்டபோது, அவன் எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன், திடீரென்று பிரேக் அடித்தான், அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை என்று.

ஆகஸ்ட் 17, வியாழன்

அரசு வக்கீலைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சார், இப்ப நீங்க சாட்சி. இதச் சொன்னா வழக்கு உங்க மேல திரும்பும். வயசு அறுபதாகுது. வீட்டம்மா இந்த நெலமையில இருக்காங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஏழு மாசம் யோசிச்சாச்சு சார்."

வீட்டுக்கு வந்து வடிவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு, "அந்த வண்டியையே வாங்குவோம். உங்க பேர்ல வேண்டாம், எம் பேர்ல எழுதச் சொல்லுங்க. ஓட்டுறதுக்கு ஆள் வெச்சுக்கிடுவோம்" என்றாள்.

"சரி."

"நீங்க ஓட்டக் கூடாது."

"சரி."

ஆகஸ்ட் 21, திங்கள்

மதுரை வந்து சேர்ந்தோம். காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஓட்ட ஒரு டிரைவர் அமர்த்தியிருக்கிறேன், நிதானமான ஆள். திருநெல்வேலி, கோவில்பட்டி வழியாகச் சுற்றிப் போகலாம் என்று முந்தைய நாளே அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். வண்டி கிளம்பியதும் வடிவு, "நேர் ரோட்டுலயே போங்க தம்பி" என்றாள்.

கடையநல்லூர், புளியங்குடி. வேகத்தடைகளில் அடிவயிறு உரசத்தான் செய்தது.

"இங்கனதானே?" என்றாள்.

"அந்தப் பூவரசு."

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். ரோட்டில் ஒரு அடையாளமும் இல்லை. யாரோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தவா என்று டிரைவர் கேட்டார். வேண்டாம் என்றாள். சிவகிரி தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தாள். சத்தமே இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மூச்சு வாங்குவதை வைத்துத்தான் தெரிந்தது. வண்டிக்குள் அவ்வளவு அமைதி.

ஆகஸ்ட் 24, வியாழன்

நேற்று முன்தினம் ஆப்பரேசன். கம்பியை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. ஆனால் முட்டி இனி மடங்காது, கடைசி வரை ஊன்றுகோல்தான் என்று டாக்டர் இன்று சொன்னார். வடிவு தலையாட்டினாள். அவர் போனபிறகு, "மாடிப்படி ஏற முடியாது. வத்தல் போடுற வேலை இனி இல்ல" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மாவிடம் வடிவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனேன். வண்டி இருக்கிறது, டிரைவரும் இருக்கிறார். அதில் போக மனம் வரவில்லை.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி உண்மை சொல்வதாக உறுதி எடுத்தேன். மாரிச்செல்வம் எதிரே கையைக் கட்டி நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொன்னேன். மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. லாரி நின்றுகொண்டிருந்தது. எச்சரிக்கை அடையாளம் வைத்திருந்தார்கள். நான் தூங்கிவிட்டேன். நீதிபதி மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். தட்டச்சு செய்யும் பெண் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். அடுத்து என்ன நடக்கும் என்பதை வக்கீல் வெளியே வந்து விளக்கினார். புது வழக்கு, லைசென்ஸை ஒப்படைப்பது, ஜாமீன். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன்.

மாரிச்செல்வம் தண்ணீர்த் தொட்டி அருகே நின்றிருந்தான். கூட அவன் மனைவி. நானே போனேன். அந்தப் பெண்தான் முதலில் பேசினாள்.

"இப்ப எதுக்கு வந்தீங்க? ஏழு மாசமா இந்த மனுசன் உறங்கல. எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கிடுதாரு. கேட்டா, அந்தப் பொண்ணு முகம்ங்காரு. நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

"நீ சும்மா இரு" என்றான் அவன். பிறகு என் அருகே வந்தான். திட்டுவான், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

தாழ்ந்த குரலில் கேட்டான். "சார், கெளை போட்டிருந்தேன்ல?"

எனக்குப் புரியவில்லை.

"எல்லாரும் போடலன்னு சொன்னாங்க சார். போலீஸு, ஓனரு, எங்க மாமனாரு. போட்டியாலே, நெசமாப் போட்டியாலேன்னு கேட்டுக் கேட்டு, எனக்கே தெரியாமப் போச்சு. நாமதான் போடாம விட்டுட்டமோ, நம்மளாலதான் அந்தப் பொண்ணு போயிட்டோன்னு... போட்டிருந்தேன்ல?"

"போட்டிருந்தீங்க."

"கல்லு?"

"மூணு கல்லு. தள்ளித் தள்ளி வெச்சிருந்தீங்க."

"மூணு" என்றான். மனைவியைத் திரும்பிப் பார்த்து, "மூணு கல்லு, பாத்தியா" என்றான். அப்புறம் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழ ஆரம்பித்தான். அந்தப் பெண் அவன் முதுகைத் தடவியபடி, நீங்க போங்க என்று எனக்குக் கையைக் காட்டினாள்.

போனேன்.